சரியான சால்டரிங்: சால்டர் தேர்வு முதல் இணைப்பைச் சோதிப்பது வரை

மின்னணுப் பாகங்களைப் போர்டில் இணைக்க உருக்கி வைக்கும் உலோகக் கலவைதான் சால்டர். அது ஒட்டவில்லை என்றதும் பலர் முதலில் கை வைப்பது அதை உருக்கும் அயர்னின் வெப்பநிலையில்தான். 350 டிகிரி செல்சியஸில் இருந்ததை 400-க்கும் 450-க்கும் ஏற்றுவார்கள். பிளக்ஸ் (ஆக்ஸைடை நீக்கும் பொருள்) கருகும், பேட் (போர்டில் பாகத்தை இணைக்கும் செம்புத் திட்டு) பெயரும், டிப் (அயர்னின் நுனி) கறுத்துப்போகும். ஆனால் ஒட்டாததற்கான காரணம் வேறு எங்கோ இருக்கும். இந்த வழிகாட்டியில் கோளாறைத் தேடும் வரிசை இதுதான்: முதலில் டிப் சரியாகத் தொடுகிறதா, அடுத்து பிளக்ஸ் உயிரோடு இருக்கிறதா, பிறகு டிப்பின் அளவு போதுமா, வெப்பநிலை கடைசியில்.

ஏன் இந்த வரிசை என்பதற்கு இணைப்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். சால்டர் பசை அல்ல. உருகிய சால்டரில் உள்ள வெள்ளீயம் செம்போடு வினைபுரிந்து, இரண்டுக்கும் நடுவில் ஓரிரு மைக்ரான் தடிமனில் ஒரு சேர்மப் படலத்தை உண்டாக்குகிறது. பிணைப்பு என்பது அந்தப் படலம்தான். அது உருவாக, செம்பின் மேல் ஆக்ஸைடு இருக்கக்கூடாது. அதை அகற்றுவது பிளக்ஸின் வேலை. செம்பும் சால்டர் உருகும் அளவுக்குச் சூடாகியிருக்க வேண்டும். சால்டரை மட்டும் உருக்கி, குளிர்ந்த பேட்டின் மேல் சொட்டவிட்டால் அது படியும், பிடிக்காது. மறுபக்கம், நெடுநேரம் சுட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் படலம் தடித்து, நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். ஒரு சாதாரண இணைப்பு இரண்டு மூன்று வினாடிகளில் முடிய வேண்டும் என்பது இதனால்தான்.

எந்த சால்டர் வாங்குவது

பழுதுபார்க்கவும், கற்றுக்கொள்ளவும், சொந்த உபயோகத்துக்குச் செய்யவும் 63/37 சால்டரே முதல் தேர்வு. 63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் காரீயம். இது 183 டிகிரி செல்சியஸில் ஒரே புள்ளியில் உருகி, அதே புள்ளியில் உறையும். பரவலாகக் கிடைக்கும் 60/40 அப்படியல்ல. 183-இல் இளக ஆரம்பித்து, ஏறக்குறைய 190-இல்தான் முழுதாக உருகும். இடைப்பட்ட அந்தச் சில டிகிரிகளில் சால்டர் கூழாக நிற்கும். அந்த நேரத்தில் பாகத்தின் கால் லேசாக அசைந்தாலும் உள்ளே விரிசல் விழும். கை பழகியவருக்கு 60/40-இல் சிரமமில்லை. புதியவருக்கு அந்தச் சில டிகிரி பெரிய வித்தியாசம்.

காரீயமில்லாத சால்டர் கட்டாயமாகும் இடங்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் (RoHS) விதிகள் 2006 ஜூலை 1 முதல் மின்னணுச் சாதனங்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தின. விலக்கு பெற்ற சில பயன்பாடுகள் போக, ஒரே சீரான பொருளில் எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. விற்பனைக்கான பொருள் செய்கிறீர்கள் என்றால் இந்தப் பக்கம் வந்தே ஆக வேண்டும். இதில் அதிகம் புழங்குவது எஸ்ஏசி305: 96.5 சதவீதம் வெள்ளீயம், 3 சதவீதம் வெள்ளி, 0.5 சதவீதம் செம்பு. உருகுநிலை 217 முதல் 220 டிகிரி. வெள்ளி இல்லாத மலிவான வகை 99.3 சதவீதம் வெள்ளீயம், 0.7 சதவீதம் செம்பு கொண்டது. அது 227-இல் உருகும். இவை காரீய சால்டரைப்போல ஓடிப் பரவாது, பேட்டை நனைக்கச் சற்று நேரம் எடுக்கும், டிப்பையும் சீக்கிரம் அரிக்கும். ஆறியதும் மேற்பரப்பு மங்கலாக, மணல் தூவியதுபோல் இருப்பது இவற்றின் இயல்பு. பளபளப்பில்லை என்று அதை மறுபடி மறுபடி சூடாக்குவது வீண் வேலை.

இன்னும் இரண்டு கலவைகள் கைக்கு வரலாம். 62/36-உடன் 2 சதவீதம் வெள்ளி சேர்ந்தது 179 டிகிரியில் உருகும். வெள்ளி பூசிய முனைகள் உள்ள பீங்கான் பாகங்களுக்கு அது ஏற்றது. சாதாரண சால்டர் அந்த வெள்ளிப் பூச்சைக் கரைத்து இழுத்துக்கொள்ளும், ஏற்கெனவே வெள்ளி கலந்த சால்டர் அவ்வளவு இழுக்காது. மற்றொன்று 42 சதவீதம் வெள்ளீயமும் 58 சதவீதம் பிஸ்மத்தும் கொண்டது, உருகுநிலை 138. சூடு தாங்காத பாகங்களுக்கு உதவும், ஆனால் அதிர்வுக்கும் அடிக்கும் தாங்காமல் உடையும். முக்கியமாக, காரீய சால்டர் இருந்த இடத்தில் இதை வைக்காதீர்கள். வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்தால் 96 டிகிரியிலேயே உருகத் தொடங்கும் கலவை உள்ளே உருவாகும். நன்றாகச் சூடேறும் ஒரு பவர் பாகத்தின் காலில் அது என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

கலவைக்கு இணையாகப் பார்க்க வேண்டியது கம்பிக்குள் இருக்கும் பிளக்ஸ். மின்னணு வேலைக்கு ரோசின் (பைன் மரப் பிசின்) பிளக்ஸ், அல்லது கழுவத் தேவையில்லாத நோ-கிளீன் வகை. எடையில் 2 முதல் 3 சதவீதம் பிளக்ஸ் இருந்தால் வேலை சுலபம். உறையில் ஆர்ஓஎல்0 (ROL0) என்ற குறியீடு இருந்தால் அது ரோசின் அடிப்படையிலானது, வீரியம் குறைந்தது, ஹாலைடு சேர்க்காதது என்று பொருள். நீரில் கரையும் பிளக்ஸ் நன்றாக வேலை செய்யும், ஆனால் வேலை முடிந்ததும் கழுவியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அதுவே போர்டை அரிக்கும். குழாய் வேலைக்கான அமில பிளக்ஸ் எக்காரணத்தாலும் போர்டின் பக்கம் வரக்கூடாது. அதிலுள்ள ஜிங்க் குளோரைடு, இணைப்பு ஆறிய பின்னும் ஈரத்தைப் பிடித்துவைத்துச் செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பேஸ்ட் டப்பாவையும் இதே கண்ணோடு பாருங்கள்.

தடிமன்: பொது வேலைக்கு 0.8 மி.மீ., எஸ்எம்டி (துளையில்லாமல் போர்டின் மேற்பரப்பிலேயே உட்காரும் சிறு பாகங்கள்) வேலைக்கு 0.5, தடித்த வயர்களுக்கும் பெரிய கனெக்டர்களுக்கும் 1.0 அல்லது 1.2. ஒரு மில்லிமீட்டர் கம்பி ஒரே நீளத்தில் அரை மில்லிமீட்டர் கம்பியைப்போல நான்கு மடங்கு உலோகம் தரும். சின்ன பேட்டில் பிரிட்ஜ் (அடுத்த பேட்டோடு சால்டர் இணைந்துவிடுவது) விழுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ரீலில் 63/37 என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். வெள்ளீயம் விலை உயர்ந்தது என்பதால் அதைக் குறைத்து விற்பவர்கள் உண்டு. ஒரு துண்டுச் செம்பில் கொஞ்சம் உருக்கி, அயர்னை எடுத்துவிட்டுப் பாருங்கள். உண்மையான 63/37 கண்ணாடிபோல் மின்னியபடி இருந்து சட்டென்று உறையும், உறைந்த பிறகும் பளபளக்கும். ஓரத்திலிருந்து மெல்ல மங்கி, நெடுநேரம் கூழாக நின்று, வெளுத்து உறைந்தால் வெள்ளீயம் குறைவு. பிளக்ஸ் படபடவென்று தெறித்துக் கருப்பாகப் படிந்தால் அதுவும் நல்ல அறிகுறி இல்லை.

அயர்னும் டிப்பும்

வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் 60 வாட் அயர்ன் பெரும்பாலான வேலைக்குப் போதும். ஹீட்டரும் சென்சாரும் டிப்புக்குள்ளேயே இருக்கும் கார்ட்ரிட்ஜ் வகை இன்னும் வேகமாகச் சூட்டை ஈடுசெய்யும். கட்டுப்பாடில்லாத 25 வாட் அயர்ன் சும்மா இருக்கும்போது தேவைக்கு மேல் சூடேறி, பெரிய பேட்டைத் தொட்டதும் குளிர்ந்துவிடும்.

பென்சில்போல் கூரான டிப்பைப் பார்த்தால் நுணுக்க வேலைக்கு ஏற்றது என்று தோன்றும். அது ஒரு புள்ளியில்தான் தொடும், சூடு கடத்தப் போதிய பரப்பு இல்லை. பொது வேலைக்கு 2 முதல் 2.4 மி.மீ. அகலமுள்ள உளி வடிவ டிப்பை மாட்டுங்கள். கணிசமான எஸ்எம்டி வேலையும் இதிலேயே முடியும்.

டிப்பின் உள்ளே செம்பு, வெளியே மெல்லிய இரும்புப் பூச்சு. அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்தால் அந்தப் பூச்சு போய்விடும், அதன் பிறகு சால்டர் உள்ளே இருக்கும் செம்பைக் கரைத்துக் குழி பறித்துவிடும். துடைக்கப் பித்தளைச் சுருள் நல்லது. ஸ்பாஞ்ச் என்றால் பிழிந்த ஈரம் போதும், தண்ணீர் சொட்டக்கூடாது.

காரீய சால்டருக்கு 320 முதல் 350 டிகிரி, காரீயமில்லாததற்கு 350 முதல் 380. உருகுநிலை 183-ஆக இருக்கையில் இவ்வளவு எதற்கு என்றால், டிப்பிலிருந்து காலுக்கும் பேட்டுக்கும் சூடு வேகமாகப் பாய இந்த இடைவெளி வேண்டும். 400-ஐத் தாண்டினால் பிளக்ஸ் வேலை செய்வதற்குள் எரிந்துபோகும்.

துளைவழிப் பாகம்: படிப்படியாக

1. பேட்டும் காலும் மின்ன வேண்டும். விரல் எண்ணெய் இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பழைய ஸ்டாக் பாகங்களின் கால்கள் கறுத்திருந்தால் பிளேடின் முதுகால் லேசாகச் சுரண்டுங்கள்.

2. உயரம் குறைந்த பாகங்களை முதலில் மாட்டுங்கள்: ரெசிஸ்டர், டயோடு, பிறகு ஐசி சாக்கெட், கடைசியில் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர், கனெக்டர். போர்டைக் கவிழ்க்கும்போது விழாதபடி கால்களைச் சற்று வெளிப்பக்கம் வளைத்துவிடுங்கள். டயோடு, எலக்ட்ரோலிடிக் ஆகியவற்றின் திசையைச் சரிபார்க்க வேண்டிய நேரம் இது, சால்டர் வைத்த பிறகல்ல.

3. டிப்பைத் துடைத்து, நுனியில் மிகக் கொஞ்சம் சால்டர் தொட்டுக்கொள்ளுங்கள். இது இணைப்புக்கான சால்டர் அல்ல. உலர்ந்த டிப் காலை ஒரு கோட்டில்தான் தொடும், இந்தத் துளி ஈரம் இடைவெளியை நிரப்பிச் சூட்டைக் கடத்தும்.

4. டிப்பின் தட்டையான பக்கத்தை, காலும் பேட்டும் சேரும் மூலையில் வையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். அழுத்த வேண்டாம். அழுத்தினால் சூடு கூடாது, பேட்தான் பெயரும்.

5. ஒரு வினாடி கழித்து, டிப்புக்கு எதிர்ப்பக்கத்தில், காலும் பேட்டும் சேரும் இடத்தில் சால்டர் கம்பியைக் கொடுங்கள். சூடு வந்திருந்தால் அது தொட்டதும் உருகி, டிப்பை நோக்கித் தானே ஓடும். ஓடவில்லையென்றால் அங்கே இன்னும் சூடு வரவில்லை.

6. இருபக்க போர்டில், ஒரு மில்லிமீட்டர் துளையில் நிற்கும் ரெசிஸ்டர் காலுக்கு 0.8 கம்பியில் சுமார் 3 மி.மீ. நீளம் போதும். துளைக்குள் செம்பில்லாத ஒருபக்க போர்டுக்கு அதில் பாதி.

7. முதலில் கம்பியை எடுங்கள். சால்டர் முழுதும் பரவ அரை வினாடி விட்டு, டிப்பைக் காலை ஒட்டியபடியே மேல்நோக்கி எடுங்கள். உறையும்வரை எதுவும் அசையக்கூடாது. ஊதி ஆற்ற வேண்டாம்.

8. மிஞ்சிய காலை, சால்டர் மேட்டுக்கு மேலே வெட்டுங்கள். மேட்டையே வெட்டினால் அந்த அதிர்ச்சி இணைப்புக்குள் இறங்கும். வெட்டுத் துண்டு கண்ணை நோக்கிப் பறக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

நான்கைந்து வினாடியிலும் வேலை நடக்கவில்லையா, விடாப்பிடியாக அங்கேயே வைத்திருக்காதீர்கள். எடுத்து, ஆறவிட்டு, பிளக்ஸ் வைத்து, தேவைப்பட்டால் அகலமான டிப் மாட்டி மறுபடி தொடுங்கள்.

இணைப்பைப் பார்த்துப் படிப்பது

நல்ல இணைப்பு உட்குழிந்த சரிவாக இருக்கும், ஓரம் மெலிந்து பேட்டோடு கலந்திருக்கும், காலின் வடிவம் சால்டருக்கு மேலாகத் தெரியும். இருபக்க போர்டில் துளையின் மறுமுனையையும் திருப்பிப் பாருங்கள். போர்டு தரத்துக்கான ஐபிசி-ஏ-610 விதிகள் பொதுவாக துளையின் ஆழத்தில் குறைந்தது 75 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும் என்று கேட்கின்றன.

தவறான இணைப்பு, எங்கே தவறு என்பதையும் தானே சொல்லும். சால்டர் காலைச் சுற்றி உருண்டையாக நின்று, பேட்டின் மேல் ஓரம் உள்வாங்கியிருந்தால் பேட் சூடாகவில்லை, அல்லது அழுக்கு. பேட் முழுதும் பரவி, காலைச் சுற்றி மட்டும் மெல்லிய கருவளையம் இருந்தால் காலில் ஆக்ஸைடு. டிரை சால்டர் என்று பழுதுபார்ப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. மீட்டரில் தொடர்ச்சி காட்டும், சாதனத்தைத் தட்டினால் நிற்கும், தட்டினால் ஓடும். இதற்குமேல் சால்டர் அப்புவது மருந்தல்ல. பிளக்ஸ் வைத்து முழுதாக உருக்குங்கள். கறுத்த காலென்றால் பழையதை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வையுங்கள்.

டிப்பை எடுக்கும்போது கொம்புபோல் இழுபட்டு நின்றால் பிளக்ஸ் முன்பே எரிந்துவிட்டது. நடுவில் ஊசித்துளை இருந்தால் போர்டுக்குள் இருந்த ஈரம் ஆவியாக வெளியேறியிருக்கிறது. அடுத்தடுத்த பேட்கள் இணைந்துவிட்டால், அந்த இடத்தில் பிளக்ஸ் தடவி, துடைத்த டிப்பை இடையில் வைத்து வெளிப்பக்கம் இழுங்கள். அதிகப்படி சால்டர் டிப்போடு வந்துவிடும். பல ஆண்டு ஓடிய சாதனத்தில் டிரான்ஸ்பார்மர், கனெக்டர், பவர் டிரான்சிஸ்டர் கால்களைச் சுற்றி முழு வட்டமாக ஒரு கீறல் தெரிந்தால், அது சால்டரிங் செய்தவரின் பிழையாக இருக்க வேண்டியதில்லை. சூடேறி ஆறும் சுழற்சியிலும் எடையின் ஆட்டத்திலும் சால்டர் களைத்து வெடித்திருக்கும். பழையதை எடுத்துவிட்டுப் புதிய சால்டர் வைப்பதே தீர்வு.

வயர்கள்

ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கி இறுகும்) குழாயை முதலில் வயரில் மாட்டிவிட்டுத் தொடங்குங்கள். இதை மறந்தால் செய்ததைப் பிரிக்க வேண்டும். 5 மி.மீ. உரித்து, இழைகளை முறுக்கி, ஈயம் பூசுங்கள், அதாவது சால்டரை உருக்கி இழைகளுக்குள் ஊறவிடுங்கள். பூசிய பிறகும் இழைகளின் கோடு தெரிய வேண்டும். அதிகம் கொடுத்தால் சால்டர் இன்சுலேஷனுக்கு அடியில் ஏறி, வளையும் வயரைக் கம்பியாக்கிவிடும். அது முடியும் இடத்தில்தான் நாளை ஒடியும்.

திருகு டெர்மினலில் போகும் இழை வயரில் ஈயம் பூசாதீர்கள். அழுத்தத்தில் சால்டர் மெல்ல நழுவி ஒதுங்கும், திருகு தளரும், அங்கே சூடு பிறக்கும். அதற்கு நசுக்கிப் பொருத்தும் பெரூல் என்னும் சிறு உலோகக் குழாய்தான் சரி.

எஸ்எம்டி

இரண்டு முனை பாகத்துக்கு, உதாரணமாக 0805 என்ற அளவுள்ள ரெசிஸ்டருக்கு, ஒரு பேட்டில் மட்டும் சிறிது சால்டர் வையுங்கள். ட்வீசரால் பாகத்தைப் பிடித்து, அந்தச் சால்டரை உருக்கியபடி பக்கவாட்டில் தள்ளி உட்காரவையுங்கள். அயர்னை எடுத்து, உறைந்த பிறகே ட்வீசரை விடுங்கள். மறுமுனையை முறைப்படி செய்துவிட்டு, முதல் முனைக்குத் திரும்பிச் சிறிது பிளக்ஸோடு மறுபடி உருக்குங்கள். அந்த முதல் சால்டரின் பிளக்ஸ் எப்போதோ போய்விட்டது. செராமிக் கெப்பாசிட்டரின் உடலில் டிப் படக்கூடாது. திடீர்ச் சூட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, பின்னாளில் ஷார்ட் ஆகும். டிப் பேட்டைத் தொடட்டும்.

பல கால் ஐசிக்கு இரண்டு எதிர்மூலைக் கால்களை மட்டும் முதலில் நிறுத்தி, எல்லா வரிசையும் பேட்டின் மேல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வரிசை முழுவதும் பிளக்ஸை தாராளமாகத் தடவி, சற்று சால்டர் ஏந்திய அகல டிப்பைக் கால்களின் நுனியோரமாக மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். கடைசி இரண்டு கால்களில் பிரிட்ஜ் விழுவது வழக்கம். விக் (சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்து எடுங்கள்.

கிரவுண்ட் பேட் என்னும் தொல்லை

பெரிய செம்புத் தளத்தோடு நேரடியாக இணைந்த பேட், வைத்த சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். போர்டு வடிவமைக்கும்போதே மெல்லிய ஆரக்கால்களால் பேட்டைத் தளத்தோடு இணைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. இல்லாத போர்டில், வெப்பநிலையை ஏற்றுவதைவிட 4 அல்லது 5 மி.மீ. டிப் மாட்டுவதே பலன் தரும். அதுவும் போதாவிட்டால், ஹாட் ஏரினாலோ பிரீஹீட்டராலோ போர்டையே 100 முதல் 120 டிகிரி வரை முன்கூட்டிச் சூடாக்குங்கள். அப்போது அயர்ன் கொடுக்க வேண்டிய பாக்கி குறைந்துவிடும்.

கழற்றுவது

பழைய சால்டரை எடுக்கும் முன் அதில் புதிய சால்டர் கொஞ்சம் சேர்ப்பது கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் அதுதான் வழி. புதிய பிளக்ஸ் ஆக்ஸைடை நீக்கும். காரீயமில்லாத பழைய சால்டரோடு 63/37 கலந்தால் உருகுநிலையும் இறங்கும். முழுதாக உருகியதும் சால்டரை உறிஞ்சும் பம்ப்பின் வாயை ஒட்டிப் பிடித்து இழுங்கள். விக் பயன்படுத்தினால் பேட்டின் அகலத்துக்கு ஏற்றதை எடுத்து, பிளக்ஸ் தொட்டு, அதன்மேல் டிப்பை வையுங்கள். எடுக்கும்போது விக்கையும் டிப்பையும் ஒன்றாக எடுங்கள். டிப்பை மட்டும் எடுத்தால் விக் பேட்டோடு உறைந்து, இழுக்கையில் பேட்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். தேவையில்லாத ஐசி என்றால் கால்களை வெட்டி உடலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாக உருக்கி எடுப்பது போர்டுக்கு நல்லது.

புகை, கை, டிப்

எழும் புகை காரீயத்தின் புகை அல்ல. இந்த வெப்பநிலையில் காரீயம் குறிப்பிடும்படி ஆவியாகாது. அது பிளக்ஸின் புகை, ரோசின் புகை தொடர்ந்து உள்ளே போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. சிறு விசிறி அதை முகத்திலிருந்து விலக்கி இழுக்கட்டும், வடிகட்டியோ ஜன்னலோ அதைப் பெற்றுக்கொள்ளட்டும். காரீயம் உடலுக்குள் போவது கையிலிருந்து வாய் வழியாக. வேலை மேஜையில் சாப்பிட வேண்டாம், சால்டர் கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிக்க வேண்டாம், முடிந்ததும் சோப்பால் கை கழுவுங்கள். டிப் துடைத்த சால்டர் துகள்களைக் குப்பையில் கொட்டாமல் மூடிய டப்பாவில் சேர்த்து மின்கழிவோடு கொடுங்கள்.

இடையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எழுந்து போவதானால் அயர்னை 200 டிகிரிக்கு இறக்குங்கள், அல்லது அணையுங்கள். அணைக்கும் முன் டிப்பைத் துடைத்துச் சுத்தமாக வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது டிப்பைக் காற்றுக்குக் காட்டிக்கொடுப்பது. நுனி முழுதும் மூடும்படி சால்டர் பூசி, துடைக்காமல் அப்படியே அணையுங்கள். அடுத்த முறை சூடேறியதும் அதைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.